கறுப்புப் புகையின் கதை



சிங்கப்பூரின் கிழக்குக் கரையில் பிடோக் என்றொரு பெரிய நகர் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்தக் கரையோரம் தென்னந்தோப்புகளும் மலாய்க் கம்பங்களுமாக இருந்தது. 1966ஆம் ஆண்டில் கடலைத் தூர்க்கும் பணி தொடங்கியபோது, பிடோக், சிக்லாப் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணை ஓடும் பட்டையின்மேல் கொட்டிக் கடலுக்கு அனுப்பினார்கள். மணல் தோண்டிய பள்ளம் 1986இல் பிடோக் நீர்த்தேக்கம் ஆயிற்று. குன்றுகள் போன இடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. அந்தப் பிடோக்கின் வடபுறத்தில் காக்கி புக்கிட் என்ற பகுதி உண்டு. மலையடிவாரம் என்று அதற்குப் பொருள். இன்று அது தொழிற்பேட்டை. மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் பட்டறைகளும், வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் ஆய்வு நிலையமும் அங்கே அருகருகே இருக்கின்றன.

அந்தப் பட்டறைகளிலே பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு இப்போது நாள் எண்ணப்படுகிறது. 2003ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளுக்கு முன் பதிவு செய்த மோட்டார் சைக்கிள்கள் 2028ஆம் ஆண்டு ஜூன் 30க்குப் பிறகு சாலையில் ஓடக் கூடாது என்று சிங்கப்பூர் 2018இல் அறிவித்தது. ஐந்தாண்டுக்குள் ஒப்படைத்தவர்களுக்கு 3,500 வெள்ளி வரை ஊக்கத்தொகையும் கொடுத்தது. ஏன் அத்தனை அவசரம்? புகைதான் காரணம்.

புகைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து நம் பிள்ளைகள் விடியுமுன் எழுந்து, 1924இல் திறந்த பாலத்தின் வழியாகவும் 1998இல் திறந்த இரண்டாம் பாலத்தின் வழியாகவும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். வெளிக்காட்டுக்குப் பாலும் வாளியும் சுமக்கிற வண்டியும், பிள்ளையைப் பள்ளியில் விடுகிற வண்டியும் பெரும்பாலும் பழைய வண்டியே. அது கறுப்பாகப் புகைவிட்டால் அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். மாதச் செலவைப் பாருங்கள். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஒரு சின்ன மோட்டார், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடியது, இப்போது 35தான் ஓடுகிறது. நாளுக்கு 60 கிலோமீட்டர், மாதம் 26 நாள் வேலை. மாதத்துக்குப் பதின்மூன்று லிட்டர் பெட்ரோல் வீணாகப் புகைக்குழாய் வழியே போகிறது.

இந்த நோய்க்குப் பட்டறையில் "ரிச்சா ஓடுது" என்பார்கள். பெட்ரோல் மிகுந்து, காற்றுக் குறைந்த கலவை என்று பொருள். இதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று மட்டும் சொன்னால் அது பட்டறைப் பாடம். நான் அதை வரலாறாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் கார்புரேட்டரில் இருக்கிற ஒவ்வொரு சிறு துண்டும் யாரோ ஒருவர் ஒரு காலத்தில் ஒரு தொல்லையைத் தீர்க்கச் சேர்த்தது. அது ஏன் வந்தது என்று தெரிந்தால், கெட்டால் என்ன செய்யும் என்பது தானே விளங்கிவிடும்.

முதலில் அளவு. பெட்ரோல் முழுதும் எரிய, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். இதைச் சும்மா எண்ணாக விட்டுவிடாதீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க ஏறத்தாழ ஒன்பதாயிரம் லிட்டர் காற்று தேவைப்படுகிறது. நம் லயத்து அறையிலே பாதிக்கு நெருக்கமான காற்று! கார்புரேட்டரின் தொழில் பெட்ரோல் ஊற்றுவது என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கடலளவு காற்றில் துளியளவு பெட்ரோலைத் தூவுகிற வேலை. காற்று கொஞ்சம் தடைப்பட்டாலே கணக்குத் தப்பும்.

ஜெர்மனியில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் 1885இல் மரச்சட்டத்தில் இயந்திரம் பொருத்தி ஓட்டியதே முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிள் என்பர். அரைக் குதிரைத்திறன். ஓட்டம் முடிவதற்குள் இருக்கை தீப்பிடித்தது என்று ஒரு கதையும் உண்டு. அந்தக் காலத்துக் கலப்பான்கள் மிக எளியவை: பெட்ரோல் இருக்கும் பாத்திரத்தின் மேற்பரப்பைத் தழுவிக் காற்று போகும், போகும்போது ஆவியை இழுத்துக்கொள்ளும். பெட்ரோல் ஒரே பொருள் அல்ல. இலேசான பகுதி முதலில் ஆவியாகும், கனத்தது அடியில் தங்கும். ஆகவே புறப்படும்போது ஒரு கலவை, பாதி வழியில் வேறு கலவை. குண்டும் குழியுமான சாலையில் குலுங்கினால் இன்னொரு கலவை.

1888இல் கார்ல் பென்ஸ் என்பவரின் மனைவி பெர்த்தா, இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு கணவரிடம் சொல்லாமல் அவருடைய மூன்று சக்கர வண்டியில் தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தும் ஊசியால் குத்தி எடுத்தார். வண்டியின் எரிபொருள் வழியைத் தன் கையால் பழுது பார்த்த முதல் ஓட்டுநர் ஒரு தாய் என்பதை, "இது ஆம்பிளை வேலை" என்று சொல்கிறவர்களுக்கு நினைவூட்டலாம்.

தெளிக்கும் முறை வந்தது 1893இல். ஹங்கேரி நாட்டில் டோனாட் பாங்கியும் யானோஷ் சோங்காவும் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். பூ விற்கும் பெண் வாயால் ஊதித் தண்ணீர் தெளிப்பதைக் கண்டு அந்த எண்ணம் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள், கதையாகவே வைத்துக்கொள்வோம். அதே காலத்தில் மைபாக்கும் தெளிப்புக் கார்புரேட்டரைச் செய்தார். தத்துவம் பழையது. இத்தாலியின் வெஞ்சூரி 1797இலேயே எழுதி வைத்தது: குழாய் குறுகும் இடத்தில் ஓட்டம் விரையும், அழுத்தம் குறையும். லயங்களில் முன்பு கொசுமருந்து அடித்த கைப்பம்பை நினைத்துப் பாருங்கள். பம்பை அழுத்தினால் காற்று வேகமாகப் பாய்கிறது. கீழே டப்பாவில் இருக்கும் மருந்து தானாக மேலேறித் தூவானமாகிறது. கார்புரேட்டர் அதே பம்புதான். கையால் அழுத்துவதற்குப் பதிலாக பிஸ்டன் உறிஞ்சுகிறது.

ஆனால் டப்பாவில் மருந்து நிறைய இருந்தால் எளிதாக ஏறும், குறைந்தால் ஏறாது அல்லவா? அதனால் மட்டம் மாறாமல் வைக்க ஒரு மிதவை வேண்டியிருந்தது. பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறி, ஊசி வாய் ஒன்றை அடைக்கும், இறங்கினால் திறக்கும். கழிவறைத் தண்ணீர்த் தொட்டியின் மிதவை போலத்தான். கறுப்புப் புகைக்கு முதல் பெரிய காரணம் இங்கே பிறக்கிறது. ஊசியின் நுனி தேய்ந்தாலோ, அதில் ஒரு மணல்துகள் ஒட்டினாலோ வாய் முழுதும் அடைபடாது. மட்டம் உயரும். மட்டம் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தாலும் எந்த வேகத்திலும் பெட்ரோல் அதிகம் ஏறும். எந்த வேகத்திலும் என்பதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இதைச் சோதிக்கக் கருவி வேண்டாம். இரவு நிறுத்தும்போது பெட்ரோல் குழாயை மூடிவிட்டுப் படுங்கள். மற்ற நாளில் காலையில் பெட்ரோல் நாற்றத்தோடு பத்து உதை உதைத்தால்தான் கிளம்பும் வண்டி அன்று இரண்டாவது உதையிலேயே கிளம்பினால், மிதவை ஊசியைச் சந்தேகிக்கலாம். பழைய வண்டிகளின் மிதவை பித்தளையில் செய்தது. அதில் ஓட்டை விழுந்தால் பெட்ரோல் புகுந்து கனத்துவிடும். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே சலசலக்கும். பெட்ரோலை முழுதும் துடைத்துவிட்டு, அடுப்பு அருகில் இல்லாத இடத்தில் சுடுதண்ணீரில் அமுக்கினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். இங்கே பல பட்டறைகளில் ஒரு தவறு செய்வதுண்டு. ஓட்டையை ஈயம் வைத்துப் பூசும்போது பெரிய பொட்டாக வைத்துவிடுகிறார்கள். அந்த ஈயத்தின் கனத்தால் மிதவை தாழ்ந்து மிதக்கும், மட்டம் உயரும், ஓட்டை அடைந்தும் நோய் தீராது. கறுப்பு எண்ணெயின் அளவையும் அப்போதே பாருங்கள். கசிந்த பெட்ரோல் இறங்கினால் எண்ணெய் மட்டம் ஏறும், மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை வரும். அந்த எண்ணெயோடு ஓட்டினால் பேரிங்கும் பிஸ்டனும் தேய்ந்துபோகும். எண்ணெயை மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

அடுத்த கட்டம் இங்கிலாந்தில் நடந்தது. அங்கே ஆமாக், பிரௌன் அண்டு பார்லோ, பிங்ஸ் என்று மூன்று கார்புரேட்டர் கம்பெனிகள் இருந்தன. 1927இல் மூன்றும் ஒன்றாகி ஆமால் என்று பெயர் வைத்துக்கொண்டன. நார்ட்டன், பிஎஸ்ஏ, டிரயம்ப், ராயல் என்பீல்டு என்று பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலானவை ஆமால் கார்புரேட்டரில்தான் மூச்சுவிட்டன. இரண்டாம் உலகப் போரில் பிஎஸ்ஏ எம்20 மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. சென்னைக்கும் இந்தப் பெயர் பழக்கமே. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டும் சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. புல்லட் வண்டியில் கார்புரேட்டரின் பக்கத்தில் சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். புறப்படுமுன் அதை அழுத்தி, விரலில் பெட்ரோல் நனையும்வரை பிடிப்பார்கள். மிதவையை வலிய அமுக்கி மட்டத்தை உயர்த்தும் வேலை அது. குளிர்ந்த இயந்திரத்துக்குக் கொழுத்த கலவை வேண்டும் என்பதால் கொஞ்ச நேரத்துக்கு வேண்டுமென்றே செய்யும் நோய்!

ஆமாலின் சிறப்பு வழுக்குத் தடுப்பும் அதில் தொங்கும் கூர் ஊசியும். கைப்பிடியைத் திருகும்போது தடுப்பு மேலேறும். ஊசியும் ஏறி, தன் கூரான பகுதியால் கீழுள்ள ஊசி ஜெட்டின் துவாரத்தை அதிகமாகத் திறந்துவிடும். ஜப்பானின் மிகூனி நிறுவனம் ஆமாலிடம் உரிமம் பெற்றே இந்த வகையைச் செய்யத் தொடங்கியது. ஆகவே பர்மிங்காமில் வரைந்த படம் இன்று நம் தோட்டத்து மோட்டார் வரை வந்திருக்கிறது.

இந்த அமைப்பை அறிந்தால் நோயின் இடத்தைக் கைப்பிடியே காட்டிவிடும். கைப்பிடி மூடியிருக்கும் நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை சின்ன ஜெட், அதாவது பைலட் ஜெட், ஆட்சி செய்கிறது. அதன் பிறகு கால் பங்கு வரை தடுப்பின் அடிவெட்டு. கால் முதல் முக்கால் வரை ஊசியும் ஊசி ஜெட்டும். முக்காலுக்கு மேல் பெரிய ஜெட். கைப்பிடியிலும் அதன் கூட்டிலும் வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்டி, மூடியது, கால், அரை, முக்கால், முழுதும் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். வெறிச்சோடிய சாலையில் ஒவ்வொரு கோட்டிலும் சிறிது நேரம் ஓட்டிப் பாருங்கள். அரைக் கோட்டில் மட்டும் திக்கித் திணறிக் கறுப்பாகப் புகைந்தால் பெரிய ஜெட்டை மாற்றிப் பயனில்லை. எல்லாக் கோட்டிலும் திணறினால் அது ஜெட்டின் நோயே அல்ல. மிதவை மட்டமோ, சோக்கோ, காற்று வழியோதான்.

ஊசி ஜெட்டைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பல ஆண்டு ஓடிய வண்டியில் ஊசி ஆடி ஆடி, பித்தளைத் துவாரம் வட்டம் மாறி முட்டை வடிவாகிவிடும். கண்ணுக்குப் புதிது போலவே தெரியும். பலர் அதை மாற்றாமல், ஊசியில் இருக்கும் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றுவார்கள். கிளிப் ஏறினால் ஊசி இறங்கும், கலவை மெலியும். கொஞ்ச காலம் சரியாக இருக்கும். ஆனால் தேய்ந்த துவாரம் தேய்ந்ததுதான். விலை குறைந்த துண்டு அது. ஊசியையும் சேர்த்து ஜோடியாக மாற்றிவிடுவதே என் யோசனை.

வெளியே தெரியும் சிறு திருகாணி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அது காற்று வடிகட்டி பக்கம் இருந்தால் பெரும்பாலும் காற்றுத் திருகாணி: உள்ளே திருகினால் கலவை கொழுக்கும். இயந்திரத்தின் பக்கம் இருந்தால் பெட்ரோல் திருகாணி: வெளியே திருகினால் கொழுக்கும். இரண்டும் நேர் எதிர். இது தெரியாமல், ஒரு நண்பரின் வண்டியில் கற்றதை இன்னொரு வண்டியில் செய்து நோயை இரட்டிப்பாக்குகிறவர்கள் அதிகம். திருகுமுன் மெதுவாக உள்ளே வரை திருகி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவைத்துக்கொண்டால் பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்கும்.

இனி ஜப்பான். போர் முடிந்த 1946இல் சோய்ச்சிரோ ஹோண்டா, இராணுவம் விட்டுச்சென்ற சிறு மின்னாக்கி இயந்திரங்களைச் சைக்கிளில் மாட்டி விற்றார். பெட்ரோல் பஞ்சம். பைன் மரத்திலிருந்து எடுத்த டர்பென்டைன் எண்ணெயைக் கலந்து ஓட்டினார்கள். புகைக்குக் கேட்கவா வேண்டும்! பன்னிரண்டு ஆண்டுக்குள், 1958இல், அதே கம்பெனி சூப்பர் கப் வண்டியை வெளியிட்டது. 49 சிசி, நான்கு வீச்சு இயந்திரம். உணவுக்கடைப் பையன் ஒரு கையில் நூடுல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓட்டும்படி கிளட்ச் பிடி இல்லாமல் செய்யவேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ என்ற வணிகர் ஜப்பானில் அதைக் கண்டு மலாயாவுக்குக் கொண்டுவந்தார். "கப்சாய்" என்று நாம் சொல்லும் பெயரிலே அந்த கப் இன்னும் ஒளிந்திருக்கிறது. அந்த வகை வண்டிகள் 2017இல் பத்துக் கோடியைத் தாண்டின. உலகில் வேறு எந்த மோட்டார் வண்டியும் அத்தனை செய்யப்பட்டதில்லை.

தோட்டத்துக்கு அது ஒரு காலை மாற்றத்தையே கொண்டுவந்தது. பெரட்டுக் களத்துக்கு நடந்து போனவர்கள் வண்டியில் போனார்கள். ஆனால் ஜப்பானின் தார்ச்சாலையை நினைத்துச் செய்த வண்டி செம்மண் பாதையில் ஓடியது. செம்பனைப் பழ லாரி போனால் எழும் தூசி ஐந்து நிமிடம் அடங்காது. அந்தத் தூசி முழுவதும் ஏர் பில்டரில் போய் உட்காருகிறது. ஆரம்ப காலத்து மோட்டார் சைக்கிள்கள் பலவற்றுக்கு வடிகட்டியே கிடையாது. திறந்த வாயோடு ஓடின, சீக்கிரம் தேய்ந்தும் போயின. வடிகட்டி வந்த பிறகு ஆயுள் கூடியது. கூடவே இந்த நோயும் வந்தது. வடிகட்டி அடைத்தால் காற்று வராது. உறிஞ்சும் வேகம் கூடிப் பெட்ரோல் மட்டும் தாராளமாக வரும். என் கணக்கில் தோட்டத்து வண்டிகளின் கறுப்புப் புகையில் பாதி இங்கேதான். ஸ்பேனரைத் தொடுமுன் வடிகட்டியைப் பாருங்கள். நுரைப் பஞ்சு வகையானால் மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி, கொஞ்சம் எண்ணெய் தடவிப் பிழிந்து போடலாம். தாள் வகையைக் கழுவக்கூடாது. தட்டிப் பார்த்துவிட்டு மாற்றவேண்டும்.

சோதனைக்காகப் பில்டரைக் கழற்றிவிட்டு இரண்டு நிமிடம் ஓட்டலாம். வண்டி உடனே சுறுசுறுப்பானால் கலவை கொழுத்தது உறுதி. ஆனால் "இப்படியே நல்லா ஓடுது" என்று கழற்றியபடியே விட்டுவிடுகிறார்களே, அதுதான் பெரிய அநியாயம். செம்மண் தூசி உரைகல் போன்றது. ஒரு பருவத்தில் சிலிண்டரைத் தின்றுவிடும். பெரிய ஜெட்டின் அளவும் பில்டர் இருக்கிறது என்று கணக்கிட்டே வைத்தது.

சோக்கையும் பார்த்துவிடுங்கள். கயிறு துருப்பிடித்துப் பாதியில் நிற்கும். கைப்பிடி திறந்த நிலையில் இருந்தாலும் உள்ளே தகடு மூடியே இருக்கும். காலையில் குளிரில் நன்றாக ஓடி, சூடேறச் சூடேற மோசமாகிற வண்டி கொழுத்த கலவையின் அடையாளம். மெலிந்த கலவை இதற்கு மாறாகச் சூடானபின் தேறும்.

கலவை சரியாக இருந்தும் கறுப்புப் பிடிக்க ஒரு வழி உண்டு. தீப்பொறி வலுக்குறைந்தால் பெட்ரோல் அரைகுறையாகவே எரியும். பழைய சி70 போன்ற வண்டிகளில் பாயிண்ட் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். அது மூடிப்போயிருந்தால் கார்புரேட்டரை நூறு முறை கழற்றினாலும் குணம் தெரியாது. ஆகவே புதிய பிளக் ஒன்றைப் போட்டுப் பார்த்த பிறகே கார்புரேட்டர்மேல் கை வையுங்கள். புகையின் நிறத்தையும் குழப்பிக்கொள்ளவேண்டாம். கறுப்பு என்றால் பெட்ரோல். நீலம் என்றால் எண்ணெய். குளிர்ந்த காலையில் வெள்ளையாக வந்து மறைவது வெறும் நீராவி. இந்தியாவில் 1985 முதல் 1996 வரை விற்ற யமஹா ஆர்எக்ஸ்100 போன்ற இரண்டு வீச்சு வண்டிகள் பெட்ரோலோடு எண்ணெயையும் எரிப்பவை. அவற்றின் இலேசான நீலப்புகை பிறவிக்குணம்.

மலைத்தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய கேமரன் மலை, இலங்கையின் நுவரெலியா, தமிழ்நாட்டின் வால்பாறை எங்கும் இதைக் காணலாம். கடல்மட்டத்தில் சரியாக ஓடிய வண்டி மலையேறினால் மூச்சுத் திணறும். 1,500 மீட்டர் உயரத்தில் காற்று ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்திருக்கிறது. பெட்ரோலும் குறைந்தே ஏறும். ஆனால் காற்றுக் குறைந்த அளவில் பாதிதான் குறையும். ஆகவே கலவை கொழுக்கிறது. மேலே நிரந்தரமாக ஓட்டுவதானால் ஓரிரு எண் சிறிய பெரிய ஜெட் போடவேண்டும். கீழே இறங்கும்போது மறக்காமல் பழையதை மாற்றுங்கள். மெலிந்த கலவையில் சமவெளியில் விரட்டினால் பிஸ்டன் உருகும்.

புகை ஒரு சமூகப் பிரச்சினை என்று உலகம் உணர்ந்த கதை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தொடங்குகிறது. 1950களின் தொடக்கத்தில் ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியலார், நகரத்தின் கண்ணெரிக்கும் மூட்டத்துக்கு வண்டிகள் எரிக்காமல் விடும் பெட்ரோல் ஆவியும் வெயிலும் சேர்ந்தே காரணம் என்று காட்டினார். வண்டிக் கம்பெனிகள் எளிதில் ஒத்துக்கொள்ளவில்லை. 1970இல் அமெரிக்கா கடுமையான சட்டம் செய்தது. அதன் பிறகுதான் புகையில் உள்ளதை எண்ணால் அளக்கும் பழக்கம் உலகமெங்கும் பரவியது. இந்தியாவில் 2000க்கு முன் செய்த இருசக்கர வண்டிகளின் புகையில் கார்பன் மோனாக்சைடு நூற்றுக்கு 4.5 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதித்தார்கள்.

அந்த 4.5ஐச் சின்ன எண்ணாக எண்ணாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தம் அதை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றோடு பிடித்துக்கொள்கிறது. மூச்சுக் காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு சேர்ந்தாலே சில நிமிடங்களில் உயிர் போகும். கொழுத்த கலவையில் ஓடும் வண்டி இந்த வாயுவைத்தான் மிகுதியாக விடுகிறது. மழைக்காக வண்டியை வீட்டுக்குள் ஏற்றி, காலையில் கதவை மூடியபடியே கிளப்பிச் சூடேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து அறையில் குழந்தை தூங்கும். தள்ளிக்கொண்டு வெளியே வந்து கிளப்புங்கள். தலைவலியும் குமட்டலும் வந்தால் காய்ச்சல் என்று எண்ணாமல் உடனே திறந்த வெளிக்கு வரவேண்டும்.

சட்டம் இறுக இறுகக் கார்புரேட்டரின் காலம் முடிந்தது. கவாசாக்கி 1980இலேயே பெட்ரோலை மின்னணு முறையில் பீச்சும் மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. ஜப்பானில் சூப்பர் கப் 2007இல் அந்த முறைக்கு மாறியது. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் நாள் வந்த பிஎஸ்6 விதியோடு பெரும்பாலான புதிய வண்டிகளிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றது. மிதவையும் ஊசியும் செய்த வேலையை இப்போது ஓர் உணரியும் சிறு கணினியும் செய்கின்றன. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தப் பாடம்.

வேலை முடிந்ததும் எல்லாரும் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார்கள். காய்ந்த கரி படிந்த கறுப்பு என்றால் கலவை இன்னும் கொழுத்தது என்பது அன்றும் இன்றும் மெய். ஆனால் பழைய புத்தகங்கள் சொல்லும் பிஸ்கட் நிறத்தைத் தேடி ஏமாறவேண்டாம். அது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து நிறம். சிங்கப்பூரில் 1998இலும் இந்தியாவில் 2000இலும் ஈயப் பெட்ரோல் விற்பனை முடிந்துவிட்டது. ஈயமில்லாப் பெட்ரோலில் சரியான கலவைக்குப் பிளக்கின் வெள்ளைக்கல் கிட்டத்தட்ட வெண்மையாகவே இருக்கும். பழுப்பு வரும்வரை பெட்ரோலைக் கூட்டினால் நாமே நோயை வரவழைத்தவர்களாவோம்.

காக்கி புக்கிட் போன்ற ஆய்வு நிலையங்களில் நிறம் பார்ப்பதில்லை. புகைக்குழாயில் ஒரு நீண்ட குழலைச் செருகி, வண்டியை நிறுத்தியபடி மெதுவாக ஓடவிட்டு, கருவி காட்டும் எண்ணைப் பார்க்கிறார்கள். மெதுவாக ஓடும்போது ஆட்சி செய்வது பைலட் ஜெட் என்று முன்பே பார்த்தோம். அதனால் பைலட் ஜெட்டும் திருகாணியும் ஒழுங்காக இருந்தால் சான்று கிடைத்துவிடும். தேய்ந்த ஊசி ஜெட் அந்தச் சோதனையில் அகப்படாது. சான்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பாலத்து ஏற்றத்தில் கைப்பிடியைப் பாதி திருகும்போது கறுப்பாகப் புகைவிடும் வண்டிகள் அப்படி வந்தவைதான். அவற்றைக் கழற்றினால் பெரும்பாலும் கிளிப் ஏற்கெனவே கடைசி மேல்பள்ளத்தில் ஏறியிருக்கும்.